திரையில் தெரியாத ஆட்டம்

இன்று காலை பேருந்தில் எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையிலிருந்து அத்தர் வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் கலந்து வந்தன. காலடியில் ஒரு மண்ணெண்ணெய்க் கலன் வைத்திருந்தார், கடைக்குக் கொண்டுபோகிறார் போலும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டேன். கைகள் தாமாகவே மார்புக்குக் குறுக்கே வந்து நின்றன. பல்கலைக்கழக வாசல் வருவதற்கு முன்பே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தேன்.

உங்கள் சட்டை அப்படித்தான் மணந்தது. அதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தந்தீர்களே, அதற்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இன்று நான் மாணவர்களுக்கு எடுக்கவேண்டியிருந்த பாடமும் நம் இருவருடைய பாடம்தான். அந்தக் காலத்தில் நியூரல் நெட்வேர்க், நரம்பு வலை என்றால் வகுப்பிலேயே பாதிப்பேர் சிரிப்பார்கள். இப்போது இந்தப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள் அது இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

கணிதத்துறையில் இறுதியாண்டு ஆய்வுக்கு விரிவுரையாளர் நம்மைச் சோடி சேர்த்தபோது எனக்கு உங்களைப் பெயரளவில்தான் தெரியும். நீங்கள் காத்தான்குடி, புடைவைக் கடைக்காரரின் மகன். நான் நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் அந்த மணல் துண்டில் வலை போடுகிறவரின் மகள். கணினி அறைக்குள் நாம் இருவரும் தனியே இருக்கவேண்டி வந்த முதல் நாள், நீங்கள் கதவை அகலத் திறந்து, அது மூடாமல் ஒரு கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அங்கே இருந்திருக்கிறோம். ஒருநாளும் அந்தக் கதிரையை வைக்க நீங்கள் மறக்கவில்லை.

ஒன்றுக்கொன்று சைகை அனுப்பிக்கொள்கிற சில செயற்கை நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்ன வலையை நாம் கணினியில் கட்டினோம். அதைப்பற்றி இரண்டு கேள்விகள். முதலாவது, அந்த வலையை யாராவது கொஞ்சம் தட்டிவிட்டால், ஆடி ஆடி ஓய்ந்து பழைய நிலைக்கு வருமா, அல்லது ஆட்டம் கூடிக்கொண்டே போகுமா? விரிவுரையாளர் அதைப் பலகை நிறையச் சமன்பாடாக எழுதினார். நீங்கள் வெளியே வந்ததும் சொன்னீர்கள்: "எங்கட மாமாட தோணியில ஏறிப் பாருங்க, விளங்கும். கால வெச்ச உடன ஆடும். ஆடி நிண்டா நல்ல தோணி. நிக்காம ஆட்டம் கூடிச்செண்டா குதிச்சிர வேண்டியதுதான்."

இரண்டாவது கேள்விதான் கடினமானது. வலைக்குள் நடப்பதை நேரே பார்க்க வழியில்லை. வெளியே வருகிற ஒரே ஒரு கோட்டைத்தான் திரையில் பார்க்கலாம். அந்தக் கோட்டை வைத்து உள்ளே ஒவ்வொரு அணுவும் என்ன நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? நாம் அதற்கு அவதானத்தகைமை என்று பெயர் எழுதினோம். அந்த நீளச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

டிசம்பர் விடுமுறை வந்தது. பிறகு அந்த ஞாயிறு.

அம்மா சந்தைக்குப் போயிருந்தார். அப்பா கரையில் வலையோடு இருந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கடல் எங்கள் வீட்டுக்குள்ளால் வந்து, என்னைத் தூக்கி மறுபக்கத்து வாவிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. எதையெதையோ முட்டி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் யாருடைய வீட்டுக் கதவோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உடம்பில் ஒரு துணியும் இல்லை என்பது தெரிந்தது.

பட்டினப் பக்கமிருந்து தோணிகள் வந்தன. நான் கையைத் தூக்கிக் காட்டவில்லை. சத்தம் போடவில்லை. ஒரு தோணி என்னை நோக்கித் திரும்பியதைக் கண்டபோது கழுத்துவரை இருந்த தண்ணீருக்குள் இன்னும் தாழ்ந்தேன். தோணி நிறைய ஆட்கள். முன்பக்கத்தில் குனிந்து கை நீட்டியவர் நீங்கள்.

"கையத் தாங்க."

"வேணாம். போங்க."

என் குரலைக் கேட்டுத்தான் நீங்கள் என்னை அடையாளம் கண்டிருக்கவேண்டும். "யா அல்லாஹ்" என்றீர்கள். "புள்ள, நான்தான். கையத் தாங்க."

"போங்க எண்டு சொல்லுறன்."

"தண்ணி திரும்பவும் வருது புள்ள! கையத் தாங்க!"

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம்கூட இருக்காது என்று சில நாட்களில் நினைக்கிறேன். சில நாட்களில் அது மிக நீண்டு தெரிகிறது. பிறகு நீங்களே இரண்டு கையாலும் என் அக்குளைப் பிடித்துத் தூக்கினீர்கள். தோணிக்குள் விழுந்தேன். நீங்கள் அத்தரும் தோணியின் மண்ணெண்ணெயும் மணந்த சட்டையைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டீர்கள். கரை சேரும்வரை திருப்பியபடியே இருந்தீர்கள். "ஒருத்தரும் பாக்கல்ல" என்று மட்டும் ஒருமுறை சொன்னீர்கள். உங்கள் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

அப்பாவை மறுநாள் கண்டெடுத்தார்கள். அம்மாவும் நானும் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வேறு பல குடும்பங்களோடு இருந்தோம். யாரோ தந்த உடுப்பு, யாரோ தந்த சோறு. சட்டையைத் துவைத்து மடித்த அம்மா கேட்டார்: "இது ஆர்ர சேட் மகள்? குடுக்கோணும்தானே." தெரியாது என்றேன். பிறகு பக்கத்துப் பாயில் இருந்த ஒரு வயதானவருக்கு மாற்றுச் சட்டை இல்லை என்று அம்மா அதை அவரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நடந்து திரிந்த நாட்களில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகம் திறந்தபோது போகமாட்டேன் என்று சொன்னேன். அம்மா விடவில்லை. "கொப்பர்ட ஆசை அது" என்று அப்பாவைச் சொல்லி ஒரே பேச்சு. போனேன். நீங்கள் கணினி அறை வாசலில் கதிரையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றீர்கள். என்னைக் கண்டதும் உங்கள் தலை தாழ்ந்தது. அந்த நொடியில் எனக்கு உறுதியாயிற்று. இவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறார் என்று.

அதன்பிறகு நாம் இருவரும் திரையோடுதான் பேசினோம். நான் ஒரு கேள்வியைத் திரையைப் பார்த்துக் கேட்பேன். நீங்கள் விசைப்பலகையைப் பார்த்துப் பதில் சொல்வீர்கள். வகுப்பில் நமக்குள் ஏதோ சண்டை என்றார்கள், சிலர் வேறு கதையும் கட்டினார்கள். எனக்கு உங்களைப் பிடிக்காது என்பதல்ல. உங்கள் நிழல் என் பக்கம் திரும்பினாலே தோல் சுடும்.

வலை மட்டும் ஒழுங்காக வளர்ந்தது. ஒரு பிற்பகல், நீங்கள் ஒரே மாதிரியான இரண்டு அணுக்களை வலையில் சேர்த்து, ஒன்றை மேலேயும் மற்றதை அதே அளவு கீழேயும் தட்டிவிட்டுப் பார்த்தீர்கள். திரையில் கோடு அசையவே இல்லை. பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டீர்கள். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. உள்ளே இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடிக்கொண்டிருந்தன. வெளியே வரும்போது ஒன்றை ஒன்று கழித்துவிடுவதால் பூச்சியம்தான் தெரிந்தது. இரண்டும் அசையாமல் கிடந்தாலும் திரையில் அதே கோடுதான் வந்திருக்கும்.

நல்ல முடிவு அது. ஆய்வறிக்கையில் பெரிய பகுதியாக எழுதலாம். ஆனால் உங்கள் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப வெளிய நிண்டு பாக்கிறவங்களுக்கு ஒண்டும் தெரியாதா?"

"தெரியாது. எவ்வளவு காலம் பாத்தாலும் தெரியாது."

"தெரியிறதுக்கு ஒரு வழியும் இல்லையா?"

"ரெண்டுல ஒரு அணுவில இருந்து தனிய ஒரு கோடு வெளிய எடுத்தாத்தான்."

நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அன்று திரும்பி வரவில்லை. என்னைப்பற்றித்தான் கேட்டீர்கள், நான் உள்ளே படுகிற வெட்கத்தைச் சொல்லித்தான் கேட்டீர்கள் என்று நினைத்து எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. என்னைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் உள்ளே ஒன்று இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பட்டம் கிடைத்தது. எனக்குத் துறையில் உதவி விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. உங்களுக்கும் அழைப்பு வந்தது, நீங்கள் வேண்டாம் என்றுவிட்டு வீட்டோடு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த வருடங்களில் வாகரைப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பிச் சனம் மூட்டைகளோடு வந்தது, தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி, மாலையானால் கதவடைப்பு. சந்தையில், தபாற்கந்தோரில், பாலத்தடியில் உங்களைக் கண்டிருக்கிறேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோவோம். சுனாமி வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு தந்தார்கள். நாவலடியில் எங்களோடு ஒரே ஒழுங்கையில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் அங்கேயும் எங்களைச் சுற்றி இருந்தன, ஆட்கள் குறைந்தவையாக.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன அந்த வைகாசியில் அம்மா சாப்பிடாமல் கிடந்தார். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்துவிட்ட என் அண்ணனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் பின்னேரம் வாசலில் மிதிவண்டியை நிறுத்தினீர்கள். எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தது அதுதான் முதல்முறை. அம்மா கதிரையை எடுத்துப்போட்டு, தேத்தண்ணி வைத்தார். நீங்கள் குடிக்கவில்லை.

"உங்கட அண்ணன்ட தகவல் ஏதும்...?"

"இல்ல."

 நிலத்தைப் பார்த்தபடியே, "சண்டை வெண்டதுக்குச் சந்தியில பாற்சோறு குடுத்தாங்க. எல்லாரையும் மறிச்சுக் குடுத்தாங்க. நான் வாங்கினன்" என்றீர்கள். "வாங்கி எறிஞ்சிருக்கலாம். எறியல்ல. அவங்க பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள திண்டன். உங்கட அண்ணன் அங்க இருக்கார் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே திண்டன்."

"எல்லாரும்தானே திண்டிருப்பாங்க" என்றேன். "இத ஏன் என்னட்ட வந்து சொல்லுறீங்க?"

"இதையாவது சொல்லுவம் எண்டு."

அப்போதுதான் நீங்கள் நிமிர்ந்தீர்கள். அத்தனை வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேரே பார்த்தீர்கள்.

"அண்டைக்கு நீங்க கண்டீங்கதானே?"

"என்னத்த?"

"தோணியில. நீங்க கண்டீங்க எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் நீங்க என்ட முகத்தப் பாக்கிறல்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொண்டே போனீர்கள். தோணியின் மறுபக்கத்தில் தண்ணீருக்குள் இன்னொரு பெண் இருந்தாள். அவளுடைய மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தீர்கள். கண்ணாடி வளையல் போட்ட கை. முகம் சரியாகத் தெரியவில்லை, தலைமுடி மூடியிருந்தது. உங்கள் மாமா துடுப்பைப் பிடித்திருந்தார். உள்ளே இருந்தவர்கள் அடிபட்டவர்களும் பிள்ளைகளும். உதவ ஒருவரும் இல்லை. வலது கையைத்தான் என் பக்கம் நீட்டியிருந்தீர்கள்.

"உங்களத் தூக்க ரெண்டு கையும் வேண்டிக்கிடந்தது" என்றீர்கள். "விட்டுட்டன். உங்களத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்பினன். அங்க அவ இல்ல."

"நான் காணல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அல்லாவாணை நான் காணல்ல." உங்கள் ஆணை ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"காணல்லையா?"

"நீங்க என்னப் பாத்தீங்க எண்டுதான் நான் உங்கள..." 

நீங்கள் திகைத்துப்போய் இருந்தீர்கள். என்னை எந்தக் கோலத்தில் தூக்கினீர்கள் என்பதே உங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல இருந்தது. இத்தனை வருடமும் நான் சுமந்து திரிந்த காட்சி உங்களிடம் இல்லவே இல்லை. உங்களுக்குள் இருந்தது ஒரு வளையல் கை மட்டும். இரண்டுபேரும் ஒரே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டோம், ஒரே மாதிரித் திரையைப் பார்த்துக்கொண்டோம். எனக்கு உங்களைப்பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"அது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அது உண்மை. எங்கள் ஒழுங்கையில் வளையல் போடாத பெண் யார்?

நீங்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இரண்டு கையும் ஏன் வேண்டிக்கிடந்தது என்று சொல்லவில்லை. நான் உடனே கை தந்திருந்தால் உங்களுக்கு ஒரு கை போதும். நான் 'போங்க' என்று சொல்லிக்கொண்டு தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டிருந்த நேரம் முழுதும் நீங்கள் அவளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. நீங்கள் அதைச் சொல்லாமல் எழுந்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அம்மாட்டச் சொல்லுங்க, வாறன்" என்று போனீர்கள். நானும் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. முதலாவது வெட்கத்தைப் போன்றதல்ல இது. இதற்குப் போர்த்திக்கொள்ள ஒரு சட்டையும் இல்லை.

அடுத்தமுறை கேட்போம் என்று இருந்தேன். மாரி மழையோடு ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சல் வந்தது. கூடப் படித்த ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போது உங்களை அடக்கம் செய்து முடிந்திருந்தது.

சில கிழமைகள் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் இன்னார் என்று சொன்னதும் உங்கள் உம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "எண்ட மகன் காப்பாத்தின புள்ள" என்று உள்ளேயிருந்த பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நீங்கள் செய்த நன்மையின் சாட்சியாக நான் அவர்கள் நடுவில் இருந்தேன். தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் தந்தார்கள். கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மற்றவர்கள் போனபிறகு உம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மகள், அவன் காய்ச்சல்ல கிடந்து 'விட்டுட்டன், விட்டுட்டன்' எண்டு புலம்பினான். என்னத்த விட்டான்? வேலைய விட்டதையா? உங்களோட படிச்சவன்தானே, உங்களுக்குத் தெரியுமா?"

ஓம், வேலையைத்தான் என்று சொல்லியிருக்கலாம். உம்மா நம்பியிருப்பார். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நீங்கள் பாற்சோறு தின்றதைச் சொல்ல வெயிலில் மிதிவண்டி மிதித்து வந்த ஆள். நான் சொன்னேன். வளையல் கையைச் சொன்னேன். நான் கை தராமல் கிடந்ததைச் சொன்னேன். ஏன் தரவில்லை என்பதையும் சொன்னேன். என் அம்மாவுக்கே அதுவரை சொல்லாதது அது.

 உம்மா முதலில் சொன்னது: "உங்களுக்கு உடுப்பு இருக்கல்ல எண்டு அவன் எங்களுக்கு ஒருநாளும் சொல்லல்ல."

நான் அழுதேன்.

"உங்களுக்குச் சொன்னவன் எனக்குச் சொல்லல்லையே" என்றார்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கும் உடுப்பு இருந்திருக்காது, என்ன?" என்றார். "அவட பேர் என்ன?"

"தெரியாது உம்மா."

"தெரிஞ்சுகொள்ள வழி இல்லையா?"

"இல்ல."

"கடல் கொண்டுபோனவங்கட பேரெல்லாம் எழுதி ஒரு கல்லு வெச்சிரிக்காங்க எண்டு சொன்னாங்களே. என்ன அங்க கூட்டிப் போங்க."

அந்தக் கல்லுக்குப் போவதை நான் தவிர்த்தே வந்தேன். அப்பாவின் நினைவு நாளிலும் தூரத்தில் நின்று விளக்கேற்றிவிட்டு வந்துவிடுவேன். கிட்டப் போனால் ஒழுங்கையில் இருந்தவர்கள் வந்து நிற்பார்கள். "நீயாவது தப்பினாயே மகள்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் யாருடைய மனைவி, யாருடைய மகள், யாருடைய தாய் அவள் என்று எனக்குத் தெரியாது. எல்லோருடைய கண்ணிலிருந்தும் ஒளிந்துகொள்ளவேண்டியிருந்தது. இன்னும் அப்படித்தான் ஒளிந்துகொள்கிறேன்.

உம்மாவைக் கூட்டிப்போனேன். ஆட்கள் இல்லாத ஒரு காலை. கல்லின் முன்னால் நின்று உம்மா மேலிருந்து கீழே பார்த்தார். "எனக்கு எழுத்து வராது மகள். பொம்புளையள்ட பேர வாசிங்க. ஒண்டையும் விடாதீங்க."

வாசித்தேன். உம்மா ஒவ்வொரு பெயரையும் எனக்குப் பின்னால் மெல்லச் சொல்லி, உதட்டுக்குள் ஏதோ ஓதினார். நான் அந்தப் பெயர்களை அதற்கு முன் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூடப் பள்ளிக்கூடம் போனவள் இருந்தாள். எனக்குத் தலைவாரிவிட்ட மாமி இருந்தார். கடல் வருவதற்கு முந்திய கிழமைதான் கலியாணம் முடித்தவள் இருந்தாள். நான் இடையில் நிறுத்தியபோது உம்மா என் தோளில் கை வைத்துக் காத்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெயருக்கு வந்து நிறுத்தினேன்.

"முடிஞ்சுதா?"

"ஓம் உம்மா."

"சரியா காதுல விழல்ல, காத்து இரையுது. இன்னொருக்கா வாசிங்க."

முதலாவது பெயரிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இப்போது அந்தப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். மாணவர்கள் கணக்கைச் செய்து முடிக்கும்வரை பலகைக்கு முன்னால் காத்து நிற்கும்போது உதட்டுக்குள் வரிசையாக வருகின்றன. "என்ன மிஸ், ஏதும் சொன்னீங்களா?" என்று முன்வரிசையில் யாராவது கேட்பார்கள். இன்றைக்கும் ஒரு பிள்ளை கேட்டாள். நான் ஒன்றுமில்லை என்றேன்.